போனவரின் லாகின்: மனிதவளம், சம்பளம், ஐ.டி. மூன்றுக்கும் ஒரே மென்பொருள் தேடிய கதை

ஒரு மாதக் கடைசியில் லேப்டாப்களை எண்ணிக்கொண்டிருந்தோம். காப்பீட்டைப் புதுப்பிக்க எண்ணிக்கை தேவைப்பட்டது. யாரிடம் எந்த மெஷின் என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக்கொண்டே வந்தபோது ஒரு பெயரில் நின்றோம். அவர் வேலையை விட்டுப் போய் 47 நாள் ஆகியிருந்தது. லேப்டாப் அவரிடமே இருந்தது. வாடிக்கையாளர் விவரங்கள் உள்ள மென்பொருளில் அவருடைய லாகின் இன்னும் வேலை செய்தது. சம்பளக் கணக்கு பார்க்கும் சகஊழியரிடம் பெயரைச் சொன்னேன். அவர் தன் திரையைத் திருப்பிக் காட்டினார்.

"இவருக்குப் போன மாசச் சம்பளமும் முழுசா போயிருக்கு சார். ரிலீவ் ஆனதா எனக்கு மெயிலே வரல."

போனவர் நேர்மையானவர். கேட்டதும் லேப்டாப்பையும் பணத்தையும் திருப்பித் தந்தார். ஆனால் அவர் நேர்மையை நம்பித்தான் 47 நாள் எங்கள் நிறுவனம் ஓடியிருக்கிறது என்பது எனக்கு அன்றிரவு தூக்கத்தைக் கெடுத்தது. மறுநாள் மூன்று பட்டியல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். மனிதவளப் பிரிவின் எக்செல்லில் 132 பேர். சம்பளப் பட்டியலில் 134 பேர். மின்னஞ்சல் கணக்குகள் 151.

இந்த மூன்று எண்களும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதுதான் அடுத்த பதினோரு மாதம் நாங்கள் செய்த வேலையின் தொடக்கம். அந்த வேலையில் எங்கே சரியாக நடந்தோம், எங்கே நேரத்தைத் தொலைத்தோம் என்பதை இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்காக எழுதுகிறேன்.

வேர் எங்கே இருந்தது

நான் அங்கே செயல்பாடுகளுக்குப் பொறுப்பு. இரண்டரை ஆண்டில் 30 பேரிலிருந்து 130 பேரைத் தாண்டியிருந்தோம். 30 பேராக இருந்தபோது யார் வருகிறார், யார் போகிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தப் பரஸ்பர அறிமுகமே எங்கள் மென்பொருளாக இருந்தது. 80 பேரைத் தாண்டிய ஏதோ ஒரு மாதத்தில் அது நின்றுபோனது, நாங்கள் கவனிக்கவில்லை.

ஒருவர் சேர்ந்தால் மனிதவளப் பிரிவு எக்செல்லில் ஒரு வரி சேர்க்கும். சம்பளப் பிரிவுக்கு ஒரு மெயில், ஐ.டி.க்கு ஒரு மெயில் போகும். மூன்று பேர் மூன்று இடத்தில் ஒரே செய்தியைக் கையால் தட்டுவார்கள். சேரும்போது இந்த ஏற்பாடு ஓரளவு ஓடிவிடும். புதிதாக வந்தவர் லேப்டாப் இல்லை என்று வந்து நிற்பார், சம்பளம் வராவிட்டால் கேட்பார். போகும்போதுதான் கேட்க ஆள் இல்லை. எனக்கு லாகின் இன்னும் வேலை செய்கிறது என்று போனவர் யாரும் புகார் கொடுப்பதில்லை.

ஐ.டி.க்காரர்கள் இதைச் சேர்பவர், நகர்பவர், விலகுபவர் என்று மூன்றாகப் பிரித்துப் பேசுவார்கள். எங்கள் பட்டியல்களைக் கிளறியபோது அதிகக் குழப்பம் நகர்பவரிடம்தான் இருந்தது. கணக்குப் பிரிவிலிருந்து விற்பனைக்கு மாறிய ஒருவருக்குக் கணக்கு மென்பொருளின் அனுமதி அப்படியே இருந்தது. அவருடைய விடுப்பு விண்ணப்பம் 5 மாதமாகப் பழைய மேலாளருக்கே போய்க்கொண்டிருந்தது. அந்த மேலாளர் அதைத் திறந்து பார்க்காமலே ஒப்புதல் தந்துகொண்டிருந்தார். 15 மின்னஞ்சல் கணக்குகளுக்கு உரியவர் யார் என்று கண்டுபிடிக்கவே இரண்டு வாரம் ஆனது.

வீணாய்ப் போன 6 வாரம்

மூன்றையும் ஒரே மென்பொருளுக்குக் கொண்டுபோவோம் என்று முடிவெடுத்ததும் எல்லோரும் செய்வதையே நாங்களும் செய்தோம். தேவைகளை ஒரு எக்செல்லில் எழுதினோம். 180 வரி வந்தது. விடுப்பு விதிகள், வருகைப் பதிவு, செலவுத் தொகை, ஆஃபர் லெட்டர், சான்றிதழ், மொபைல் செயலி என்று எல்லாம் இருந்தன. ஆறு விற்பனையாளர்களுக்கு அனுப்பி, எது உண்டு, எது இல்லை என்று நிரப்பச் சொன்னோம்.

ஆறு பேரும் ஏறக்குறைய எல்லா வரியிலும் "உண்டு" என்று எழுதி அனுப்பினார்கள். அவர்கள் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. "முந்தைய தேதியிலிருந்து அமலாகும் சம்பள உயர்வைக் கையாளுமா?" என்று கேட்டால், ஒரு நிறுவனத்தில் அது மென்பொருள் தானே கணக்கிடும் என்று பொருள், இன்னொன்றில் நீங்கள் கணக்குப் போட்டு ஒரு தொகையைத் தட்டலாம் என்று பொருள். இரண்டுக்கும் விடை "உண்டு"தான். பட்டியல் கேட்ட கேள்வியே தவறு. டெமோக்களும் அப்படியே. அவர்களுடைய மாதிரி நிறுவனத்தில் எல்லோரும் 1-ஆம் தேதி சேர்கிறார்கள், ஒருவரும் நடுவில் விலகுவதில்லை.

அந்த எக்செல்லை மூடி வைத்துவிட்டு, சம்பளம் பார்க்கும் சகஊழியரிடம் ஒரே கேள்வி கேட்டேன்: உங்களுக்குத் தலைவலி கொடுத்த ஆட்கள் யார் யார்? மாதம் வாரியாகப் பெயர்களைச் சொல்லிக்கொண்டே போனார். அந்தப் பெயர்களிலிருந்துதான் எங்களுடைய உண்மையான சோதனை பிறந்தது.

ஆறு மனிதர்கள்

உண்மைப் பெயர்களை எடுத்துவிட்டு ஆறு கற்பனை ஊழியர்களை உருவாக்கினோம். ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கக் கதை. டெமோ வேண்டாம், இந்த ஆறு பேரையும் உங்கள் மென்பொருளில் எங்கள் கண் முன்னால் மூன்று மாதம் ஓட்டிக் காட்டுங்கள் என்று கேட்டோம். ஆறு விற்பனையாளரில் இருவர் மறுத்துவிட்டார்கள். நல்லதாய்ப் போயிற்று.

முதல் ஆள் 17-ஆம் தேதி சேர்கிறார். அந்த மாதத்தின் கட்-ஆஃப், அதாவது சம்பளக் கணக்குக்கான விவரங்களை ஏற்கும் கடைசி நாள், 20. முதல் நாள் காலையில் லேப்டாப், மின்னஞ்சல், அவர் துறைக்கான மென்பொருள்கள் தயாராக இருக்க வேண்டும், மாதக் கடைசியில் 15 நாள் சம்பளம் வர வேண்டும். இதில் எல்லோரும் தேறினார்கள்.

இரண்டாவது ஆளுக்கு இன்க்ரிமென்ட். ஒப்புதல் தாமதமாகி இந்த மாதம்தான் வருகிறது, ஆனால் இரண்டு மாதத்துக்கு முந்தைய தேதியிலிருந்து அமல். இடைப்பட்ட காலத்தில் அவர் மூன்று நாள் சம்பளமில்லா விடுப்பு எடுத்திருக்கிறார். அரியர்ஸ் எவ்வளவு? இங்கேதான் பாதிப் பேர் விழுந்தார்கள். ஒரு மென்பொருள் பழைய சம்பளத்தை அழித்துவிட்டுப் புதியதை எழுதியது. இரண்டு மாதத்துக்கு முன் இவர் சம்பளம் என்ன என்று கேட்டால் இன்றைய தொகையைக் காட்டியது.

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மொத்தத் தேர்விலும் முக்கியமான தொழில்நுட்பக் கேள்வி இதுதான் என்று நான் நம்புகிறேன். ஓர் ஊழியரைப் பற்றிய ஒவ்வொரு தகவலுக்கும் இரண்டு தேதிகள் உண்டு. அது எப்போதிலிருந்து உண்மை என்பது ஒன்று. அதை எப்போது பதிந்தோம் என்பது இன்னொன்று. சம்பளம், துறை, மேலாளர், பணியிடம் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். நல்ல மென்பொருள் இரண்டையும் தனித்தனியாக வைத்திருக்கும். மார்ச் 10-ஆம் தேதி நிலவரம் என்ன என்று கேட்டால் அன்றைய நிலவரத்தைச் சொல்லும். அன்று நமக்கு என்ன தெரிந்திருந்தது என்பதையும் சொல்லும். இது இல்லாத மென்பொருளில் அரியர்ஸ், தணிக்கை, விலகியவரின் இறுதிக் கணக்கு எல்லாமே கடைசியில் எக்செல்லுக்குத் திரும்பிவிடும்.

பெரிய அளவில் இது எப்படி முடியும் என்பதற்குக் கனடா சாட்சி. அந்நாட்டு மத்திய அரசு 2016 பிப்ரவரியில் ஃபீனிக்ஸ் என்ற சம்பள மென்பொருளை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அரசு ஊழியர்கள் பல்லாயிரம் பேருக்குச் சம்பளம் குறைந்தது, கூடியது, சிலருக்கு வராமலே போனது. தலைமைத் தணிக்கையாளர் 2018-இல் தந்த அறிக்கை அதைப் புரிந்துகொள்ளவே முடியாத தோல்வி என்று எழுதியது. அதில் என் மனத்தில் பதிந்த ஒரு விவரம் உண்டு. பட்ஜெட்டுக்குள் அடக்குவதற்காகத் திட்டத்தை நடத்தியவர்கள் வெட்டிய வசதிகளில் முந்தைய தேதியிலிருந்து அமலாகும் சம்பளத்தைக் கணக்கிடும் வசதியும் ஒன்று. ஒரு துறையில் மட்டும் முதலில் ஓட்டிப் பார்க்கும் முன்னோட்டத்தையும் கைவிட்டார்கள். 130 பேர் உள்ள நிறுவனத்துக்கும் அரசுக்கும் ஒப்பீடு பொருந்தாது என்று எங்கள் கூட்டத்தில் ஒருவர் சொன்னார். அளவு பொருந்தாதுதான். ஆனால் வெட்டத் தோன்றும் இடம் ஒன்றே. அரிதாக வரும் விஷயம்தானே, கையால் பார்த்துக்கொள்ளலாம் என்று நாங்களும் அதே வரியைத்தான் அடிக்கப் பார்த்தோம்.

மூன்றாவது ஆள் துறை மாறுகிறார். புதிய மேலாளர், புதிய மென்பொருள் அனுமதிகள், பழைய அனுமதிகள் போக வேண்டும். ஏறக்குறைய எல்லோரும் புதியதைக் கொடுத்தார்கள். பழையதைத் தானாக எடுத்தவை இரண்டே இரண்டு.

நான்காவது ஆள் நீண்ட விடுப்பில் போகிறார். சம்பளம் ஒரு பகுதி, லாகின் நிறுத்தம், ஆனால் கணக்கு அழியக்கூடாது. ஐந்தாவது ஆள் ராஜினாமா செய்கிறார், கடைசி நாள் இரண்டு முறை தள்ளிப்போகிறது. ஆறாவது ஆள் ஓராண்டு கழித்துத் திரும்பி வருகிறார். அவர் பழைய எண்ணோடு வருகிறாரா, புதிய மனிதராகவா? ஒரு மென்பொருள் அவரைப் புதியவராகச் சேர்க்க முயன்று, மின்னஞ்சல் முகவரி ஏற்கெனவே உள்ளது என்று முட்டி நின்றது. அந்த விற்பனையாளரின் பொறியாளர் அரை மணி நேரம் முயன்று, கடைசியில் பழைய கணக்கை நிரந்தரமாக அழித்துவிடலாமா என்று எங்களிடம் அனுமதி கேட்டார்.

உள்ளே இருக்கும் தையல்

இந்தச் சோதனையில் இன்னொன்றும் தெரிந்தது. எல்லாம் ஒன்றில் என்று விற்கப்படும் பல மென்பொருள்கள் உள்ளே ஒன்றல்ல. மனிதவள மென்பொருள் நிறுவனம் ஒரு சம்பள மென்பொருளை வாங்கி, நிறத்தை மாற்றி, மெனுவில் சேர்த்திருக்கும். அதில் தவறொன்றும் இல்லை. ஆனால் நாங்கள் விலை கொடுப்பது இரண்டையும் ஒட்டிய அந்தத் தையல் இருக்கக்கூடாது என்பதற்காக.

தையலைக் கண்டுபிடிக்க எளிய வழிகள் உண்டு. மனிதவளப் பக்கத்தில் ஒருவருடைய துறையை மாற்றிவிட்டு, உடனே சம்பளப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். எங்களிடம் ஒரு விற்பனையாளர், "அது நைட் சின்க் ஆகிடும், நாளைக்கு வந்துரும்" என்றார். சின்க் ஆகிறது என்றாலே இரண்டு தரவுத்தளங்கள் என்று பொருள். துறை, சம்பளச் செலவு, லேப்டாப் எண் மூன்றும் ஒரே அறிக்கையில் வருமா என்று கேளுங்கள். வராவிட்டால் அங்கேயும் ஒரு தையல். அமைப்புகள் பக்கத்தில் விடுமுறைப் பட்டியலை இரண்டு இடத்தில் ஏற்ற வேண்டியிருந்தால் இன்னொன்று.

ஐ.டி. பக்கம்

இந்தப் பகுதியில் எங்கள் ஐ.டி. தலைவரின் சந்தேகங்கள்தான் எங்களைக் காப்பாற்றின. விற்பனையாளர்கள் எல்லோரும், விலகும் தேதியைப் பதிந்தால் போதும், எல்லா மென்பொருளிலும் அனுமதி தானாக நின்றுவிடும் என்றார்கள். எப்படி நிற்கும் என்று அவர் கேட்டார்.

இதற்கு இரண்டு வகைத் தரநிலைகள் பயன்படுகின்றன. ஒரே லாகினில் பல மென்பொருள்களுக்குள் நுழைவதற்கு 2005-இல் வந்த சாம்ல் 2.0 அல்லது அதற்குப் பின் வந்த ஓப்பன்ஐடி கனெக்ட். கணக்குகளை உருவாக்கவும் முடக்கவும் ஸ்கிம். அதன் 2.0 பதிப்பு 2015 செப்டம்பரில் ஆர்.எஃப்.சி. 7643, 7644 என்ற இணையத் தரநிலை ஆவணங்களாக வெளியானது. முதலாவது கதவைப் பூட்டும். இரண்டாவது உள்ளே இருக்கும் அறையையே காலி செய்யும். கதவு மட்டும் பூட்டினால், ஏற்கெனவே லாகின் செய்து உள்ளே இருப்பவரின் அமர்வு சில மென்பொருள்களில் நாள்கணக்கில் ஓடும். அவர் உருவாக்கி வைத்த ஏபிஐ சாவி (ஒரு மென்பொருள் இன்னொன்றுக்குள் நேரடியாக நுழையப் பயன்படும் ரகசியக் குறியீடு) இருந்தால் அது தனியாக வேலை செய்துகொண்டிருக்கும்.

நாங்கள் பயன்படுத்திய மென்பொருள்களை எண்ணினோம். 41 வந்தன. அவற்றில் ஸ்கிம் வழியாகக் கணக்கை முடக்க முடிந்தவை, நாங்கள் வைத்திருந்த சந்தாவில், 17 மட்டுமே. மற்றவற்றில் பலவற்றுக்கு அந்த வசதி உண்டு, ஆனால் மேல்நிலைச் சந்தா வாங்கினால்தான். புதிய மென்பொருளின் விலைப் பட்டியலில் இந்தச் செலவு எங்கேயும் வராது, ஏனென்றால் அது வேறு நிறுவனங்களுக்குப் போகும் பணம். எவற்றுக்கு மேல்நிலைச் சந்தா அவசியம் என்று பிரித்து ஐந்தை மட்டும் உயர்த்தினோம். வாடிக்கையாளர் தரவும் பணமும் இருப்பவை அவை. மீதி 19-க்கும் விலகல் நாளில் ஒரு குறிப்பிட்ட ஆளின் பெயருக்குப் பணி ஒதுக்கி, முடித்ததாக அவர் குறிக்கும் வரை கோப்பு மூடாது என்று வைத்தோம். இது தானியங்கி அல்ல. ஆனால் உண்மை நிலவரம் இது.

ஐ.டி. தலைவரின் இன்னொரு பயம் எதிர்த்திசையில் இருந்தது. மனிதவளப் பிரிவில் யாரோ தேதியைத் தவறாகத் தட்டினால் வேலையில் இருப்பவர் வெளியே தள்ளப்படுவாரே? நியாயமான பயம். சோதனையில் 11 என்பதற்குப் பதில் 1 என்று தட்டிப் பார்த்தோம். ஒரு மென்பொருள் எந்தக் கேள்வியும் கேட்காமல் உடனே எல்லாவற்றையும் நிறுத்தியது. கடந்த தேதியில் விலகல் பதிந்தால் இரண்டாவது ஆள் ஒப்புதல் தர வேண்டும் என்ற கட்டுப்பாட்டை ஒப்பந்தத்துக்கு முன்பே செய்து காட்டச் சொன்னோம். கடைசி நாள் என்றால் அந்த நாளின் எத்தனை மணிக்கு என்பதையும் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. இயல்பு அமைப்பு நள்ளிரவு. வேலை நேரம் முடியும் வரை விடைபெறும் மின்னஞ்சல் எழுத ஆசைப்படும் ஒருவருக்கு அது முந்தைய நள்ளிரவாக இருந்தால் மிகவும் வலிக்கும்.

ஒரே கையில் எல்லாச் சாவியும்

மூன்று துறைகளை ஒரு மென்பொருளில் சேர்க்கும்போது ஓர் ஆபத்தையும் சேர்த்துக்கொள்கிறோம். முன்பு எங்கள் ஒழுங்கின்மையே ஒரு பாதுகாப்பாக இருந்தது. ஒரு போலி ஊழியரை உருவாக்கிச் சம்பளம் போட மூன்று பேர் சேர வேண்டும். இப்போது ஓர் அட்மின் போதும்.

அதனால் நாங்களே திருடிப் பார்த்தோம். இறுதிச் சுற்றுக்கு வந்த மூன்று மென்பொருள்களிலும் ஒரே அட்மின் லாகினை வைத்துக்கொண்டு, இல்லாத ஒருவரைச் சேர்த்து, சம்பளம் நிர்ணயித்து, வங்கிக் கணக்கைக் கொடுத்து, சம்பள ஓட்டத்துக்கு ஒப்புதல் தர முடிகிறதா என்று பார்த்தோம். ஒன்றில் தடையே இல்லாமல் முடிந்தது. அதை அன்றே பட்டியலிலிருந்து எடுத்தோம்.

வங்கிக் கணக்கு மாற்றம் தனியாகப் பார்க்க வேண்டியது. ஊழியர்களின் லாகினை ஏமாற்றி வாங்கி, சம்பளம் போகும் கணக்கை மாற்றிவிடும் மோசடியைப் பற்றி அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. 2018 செப்டம்பரிலேயே எச்சரிக்கை வெளியிட்டது. திருடர்கள் மாற்ற அறிவிப்பு மின்னஞ்சல் ஊழியரின் கண்ணில் படாதபடி செய்துவிடுவார்கள் என்பதும் அதில் இருந்தது. ஊழியரே தன் கணக்கை மாற்றிக்கொள்ளும் வசதி டெமோவில் அழகாக இருக்கும். மாற்றினால் பழைய தொலைபேசி எண்ணுக்குத் தகவல் போகிறதா, கட்-ஆஃபுக்கு முந்தைய சில நாள்களில் மாற்றம் நிறுத்தி வைக்கப்படுகிறதா என்று கேளுங்கள்.

பாதுகாப்புச் சான்றிதழ் கேட்டபோது எல்லோரும் எஸ்.ஓ.சி. 2 அறிக்கை, அதாவது வெளித் தணிக்கையாளர் தரும் பாதுகாப்புக் கட்டுப்பாட்டு அறிக்கை, இருப்பதாகச் சொன்னார்கள். டைப் 1 என்றால் ஒரு குறிப்பிட்ட நாளில் கட்டுப்பாடுகள் சரியாக வடிவமைக்கப்பட்டிருந்தன என்று பொருள். டைப் 2 என்றால் பல மாத காலம் அவை உண்மையில் நடைமுறையில் இருந்தன என்று பொருள். டைப் 2-ஐக் கேட்டு வாங்கி, விதிவிலக்குகள் எழுதியிருக்கும் பக்கங்களைப் படியுங்கள்.

பணம் எந்த வழியாகப் போகிறது

சில சம்பள மென்பொருள்கள் கணக்கு மட்டும் போடும், பணத்தை நாமே வங்கி வழியாக அனுப்புவோம். சில, பணத்தையும் வாங்கி அவர்களே அனுப்புவார்கள். இரண்டாவது வசதியானது. ஆனால் இடையில் பணம் யாருடைய கணக்கில் எத்தனை நாள் நிற்கிறது?

2019 செப்டம்பரில் அமெரிக்காவில் மைபேரோல்எச்ஆர் என்ற நிறுவனம் திடீரென்று மூடப்பட்டது. அதன் வழியாகச் சம்பளம் வாங்கிய ஊழியர்கள் பலருடைய வங்கிக் கணக்கிலிருந்து, ஏற்கெனவே வந்து சேர்ந்த சம்பளம் திரும்ப உருவப்பட்டது. சம்பளம் கொடுத்த நிறுவனங்கள் தங்கள் பங்கைச் சரியாகச் செலுத்தியிருந்தன. இதைப் படித்த பிறகு எங்கள் நிதிப் பொறுப்பாளர் ஒரே வரியில் முடிவைச் சொன்னார்: "கணக்கு அவங்க போடட்டும், பணம் நம்ம கையிலிருந்தே போகட்டும்." மாதம் அரை நாள் கூடுதல் வேலை. ஏற்றுக்கொண்டோம்.

இதோடு ஒட்டிய கேள்வி, மென்பொருளே நின்றுபோனால் என்ன என்பது. 2021 டிசம்பர் 11-ஆம் தேதி வருகைப் பதிவும் சம்பளமும் பார்க்கும் க்ரோனோஸ் பிரைவேட் கிளவுட் சேவையில் ரான்சம்வேர் தாக்குதல் (தரவைப் பூட்டி வைத்துப் பணம் கேட்பது) கண்டுபிடிக்கப்பட்டது. மருத்துவமனைகள் உட்படப் பல நிறுவனங்கள் வாரக்கணக்கில் காகிதத்தில் வருகை எழுதின, சில பழைய மாதச் சம்பளத்தையே திரும்பப் போட்டன. மூன்று வாரம் உங்கள் சேவை இல்லாவிட்டால் நாங்கள் எப்படிச் சம்பளம் போடுவது என்று எல்லோரிடமும் கேட்டோம். அப்படி நடக்காது என்றவர்கள் இருந்தார்கள். ஒருவர் மட்டும், ஒவ்வொரு சம்பள ஓட்டம் முடிந்ததும் வங்கிக் கோப்பையும் முழுக் கணக்கீட்டையும் உங்கள் சொந்த இடத்துக்குத் தானாக இறக்கும்படி அமைத்துத் தருகிறோம், அதை வைத்து ஒரு மாதத்தை ஓட்டலாம் என்றார். அந்த விடைக்கு நான் மனத்துக்குள் நிறைய மதிப்பெண் கொடுத்தேன்.

எதை எடுத்தோம்

கடைசியில் அந்த விடை சொன்ன நிறுவனத்தையே எடுத்தோம், ஆனால் முழுவதையும் அல்ல. மனிதவளம், சம்பளம், லாகின் மேலாண்மை மூன்றும் அதில். லேப்டாப்களைத் தொலைவிலிருந்து பூட்டவும் அப்டேட் செய்யவும் நாங்கள் ஏற்கெனவே வைத்திருந்த தனி மென்பொருள் அப்படியே தொடர்ந்தது. அது நன்றாக ஓடிக்கொண்டிருந்தது, ஐ.டி. குழுவுக்குக் கைவந்திருந்தது, புதியதில் இருந்த சாதன மேலாண்மை மெலிதாக இருந்தது. மனிதவளமும் சம்பளமும் ஏறக்குறைய ஒரே தரவைத் தின்கின்றன, அவற்றைப் பிரித்து வைப்பதில் லாபமில்லை. லாகினுக்கு மனிதவளத்திலிருந்து வேண்டியது பெயர், துறை, மேலாளர், தேதிகள், அவ்வளவே. ஆனால் அவை அந்த நிமிடமே வேண்டும். சாதனத்துக்கு அந்த அவசரம்கூடப் பெரும்பாலும் இல்லை, பூட்டு என்ற ஒரு கட்டளையைத் தவிர. அதை மட்டும் இணைத்தோம்.

விலை பேசும்போது தலைக்கு மாதம் இவ்வளவு என்ற எண்ணைவிட மற்றவற்றில் நேரம் செலவழித்தோம். விலகியவர்களின் பழைய கோப்புகளுக்கும் கட்டணம் உண்டா? ஆள் குறைந்தால் கட்டணமும் குறையுமா, அல்லது ஒப்பந்த எண்ணிக்கையிலேயே நிற்குமா? வெளியேறும்போது தரவு எந்த வடிவில் வரும்? கடைசிக் கேள்விக்குக் காகிதத்தில் விடை வேண்டாம் என்றேன். சோதனைக் கணக்கில் இருந்த ஆறு கற்பனை மனிதர்களையும் முழு வரலாற்றோடு வெளியே எடுத்துத் தரச் சொன்னோம். முதல் முறை இன்றைய நிலவரம் மட்டும் வந்தது. தேதி வாரியான வரலாறு இரண்டாவது முறைதான் வந்தது. அந்தக் கோப்பின் வடிவத்தை ஒப்பந்தத்தோடு இணைத்துக் கையெழுத்துப் போட்டோம்.

பேரலல் ரன்

பழைய தரவை ஏற்றும் வேலை எதிர்பார்த்ததைவிட இரு மடங்கு நேரம் எடுத்தது. ஒரே ஆளின் பெயர் மூன்று பட்டியலில் மூன்று எழுத்துக்கோவையில் இருந்தது. ஏழு பேருக்குச் சேர்ந்த தேதியே ஒத்துப்போகவில்லை. நாளும் மாதமும் இடம் மாறிய தேதிகள் இருந்தன. இவற்றை மென்பொருளில் ஏற்றிய பிறகு திருத்தலாம் என்று விற்பனையாளரின் குழு சொன்னது. நாங்கள் ஒவ்வொருவரையும் அழைத்து, அவர் விவரத்தை அவரிடமே காட்டிச் சரிபார்த்த பிறகுதான் ஏற்றினோம்.

அதன் பிறகு இரண்டு மாதம் பழைய மென்பொருளிலும் புதியதிலும் சம்பளத்தைத் தனித்தனியாகப் போட்டு, ஆளுக்கு ஆள், வரிக்கு வரி ஒப்பிட்டோம். இதுதான் பேரலல் ரன். சம்பளம் பார்ப்பவருக்கு இது இரட்டை வேலை, முதல் மாதத்தோடு நிறுத்திவிடலாம் என்ற பேச்சும் எழுந்தது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலச் சுகாதாரத் துறை 2010 மார்ச்சில் முக்கால் லட்சத்துக்கும் மேற்பட்ட ஊழியர்களுக்குப் புதிய சம்பள மென்பொருளுக்கு மாறியது. 200-க்கு மேற்பட்ட அலவன்ஸ்கள், 24,000 விதச் சம்பளச் சேர்க்கைகள் கொண்ட இடம் அது. முழு அளவிலான பேரலல் ரன் அங்கே நடக்கவில்லை. செவிலியர்களுக்குச் சம்பளம் தவறிப்போய், 2013-இல் விசாரணை ஆணையம் வரை போன அந்த விவகாரத்தின் மொத்தச் செலவு சுமார் 120 கோடி ஆஸ்திரேலிய டாலர் என்று மதிப்பிடப்பட்டது. இதைக் கூட்டத்தில் சொன்னேன். இரண்டாவது மாதமும் ஓட்டினோம்.

முதல் மாதம் 138 பேரில் 29 பேருக்குத் தொகை ஒத்துப்போகவில்லை. என் வயிறு கலங்கியது. சகஊழியர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். மூன்றாம் நாள் மாலை என் மேசைக்கு வந்தார்.

"சார், இதுல 21 பேருக்கு நம்ம பழைய கணக்குதான் தப்பு. லீவுக்குப் பிடிக்கும்போது 31 நாள் மாசத்துலயும் நாம 30-ஆல வகுத்திருக்கோம். ஒருத்தருக்குப் படி மட்டும் பழைய அடிப்படைச் சம்பளத்துலயே நின்னுருக்கு. 14 மாசமா."

"அவர் கேக்கவே இல்லையா?"

"நம்மள நம்பிட்டாரு சார்."

பேரலல் ரன் என்றால் புதிய மென்பொருளைச் சோதிப்பது என்று நினைத்திருந்தேன். அது பழையதையும் விசாரிக்கிறது. கண்டுபிடித்ததை என்ன செய்வது என்ற கேள்விக்கு முன்கூட்டியே விடை வைத்திருக்க வேண்டும். எங்களிடம் இருக்கவில்லை. நிறுவனத் தலைவர் ஒரு நாள் எடுத்துக்கொண்டு முடிவு சொன்னார். குறைவாகப் போனவர்களுக்கு முழு அரியர்ஸும், எப்படித் தவறு நடந்தது என்ற விளக்கக் கடிதமும். கூடுதலாகப் போன சிறு தொகைகள் திரும்பக் கேட்கப்படாது. 14 மாதக்காரரிடம் அவரே நேரில் பேசினார். இந்தச் செலவு எந்த பட்ஜெட்டிலும் இல்லை. இந்த மாற்றத்தில் நாங்கள் செய்த சரியான செலவு அதுதான் என்று இன்றும் சொல்வேன்.

மீதி எட்டில் ஆறு, புதியதில் நாங்கள் தவறாக அமைத்த விதிகள். இரண்டு, மென்பொருளின் குறை. இரண்டாவது மாதம் வித்தியாசம் மூன்று பேருக்கு மட்டும் வந்தது, மூன்றுக்கும் காரணம் தெரிந்தது. அதற்கு அடுத்த மாதம் பழையதை நிறுத்தினோம்.

ஓராண்டு கழித்து

விலகுபவரின் முக்கியமான 22 மென்பொருள்களும் கடைசி நாள் மாலை சில நிமிடங்களில் அடைகின்றன. கையால் செய்யும் 19-இல் தாமதம் இன்னும் உண்டு, ஆனால் யார் பெயரில் தாமதம் என்று தெரிகிறது. துறை மாறியவருக்குப் பழைய அனுமதி போவதில் இரண்டு முறை புகார் வந்தது. பழைய வேலையை ஒப்படைத்து முடிக்க இரண்டு வாரம் அனுமதி வேண்டும் என்று கேட்டார்கள், நியாயம், முடிவுத் தேதியோடு கொடுக்கிறோம். ஷிப்டு முறையில் வேலை செய்யும் குழுவுக்கு வருகைப் பதிவுப் பகுதி சரிவரவில்லை. அவர்கள் இன்னும் தனி மென்பொருளில் இருக்கிறார்கள், மாதம் ஒரு முறை கோப்பாக ஏற்றுகிறோம். ஆறு மனிதர்களில் ஷிப்டுக்காரர் ஒருவரையும் நாங்கள் வைக்கவில்லை. வைத்திருக்க வேண்டும்.

ஒவ்வொரு மாதமும் 1-ஆம் தேதி மூன்று எண்களையும் எடுக்கிறோம். ஊழியர் பட்டியலும் சம்பளப் பட்டியலும் எட்டு மாதமாக ஒன்றாகவே வருகின்றன. லாகின் எண்ணிக்கை மட்டும் 22 அதிகமாக நிற்கிறது. அந்த 22 பேரும் எங்கள் சம்பளப் பட்டியலில் இல்லாத ஒப்பந்தக்காரர்கள். அவர்களுக்குச் சேரும் தேதி உண்டு, விலகும் தேதியை யார் பதிவது என்பதில் இன்னும் முடிவில்லை. அவர்களை வேலைக்கு அழைத்த மேலாளரே மூன்று மாதத்துக்கு ஒரு முறை உறுதி செய்ய வேண்டும், செய்யாவிட்டால் லாகின் தானாக நிற்கும் என்ற விதியை அடுத்த மாதம் தொடங்குகிறோம். அதுவரை அந்த 22 பெயர்களும் ஒரு எக்செல்லில் இருக்கின்றன, வெள்ளிக்கிழமைதோறும் நானே திறந்து பார்க்கிறேன்.